உத்திராபதிக்கு ஒரு வக்கீல்

பெரம்பலூர்,
8 ஜனவரி 2025

உங்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்ததை அப்படியே அனுப்பினால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பீர்கள் என்று வேறு தாள் எடுத்தேன்.

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. தெரிந்ததுதான். நம்பரை வாட்ஸப்பில் போட்டு, கண்டவனெல்லாம் கூப்பிட்டுத் திட்டினால் யார் வைத்திருப்பார்கள்? குமாஸ்தா அழகேசன் போனில் இரண்டு தடவை பேசினோம். இரண்டு தடவையும் சண்டை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவித்திருப்பார். அதனால்தான் கடிதம்.

நடந்ததை ஒருமுறையாவது வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சண்டையில் வரிசை வருவதில்லை. நவம்பர் கடைசியில், கல்லங்குறிச்சி ரோட்டில் வண்டியில் வந்துகொண்டிருந்த பரணிதரன் அண்ணனை, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் எதிர்ப்பக்கம் ஏறி வந்து அடித்தது. உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட வக்கீல். அந்த டிப்பர்கள் ஊருக்குள் பறக்கக் கூடாது என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர். அதனால் இது விபத்தில்லை, கொலை என்றார்கள். போலீஸும் கொலை வழக்காக மாற்றியது. இரங்கல் கூட்டத்தில், அந்த டிரைவருக்காக நம்மில் ஒருத்தரும் ஆஜராகக் கூடாது என்று யாரோ பேச, எல்லோரும் கை தூக்கினீர்கள். நீங்களும்தான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் ஊட்டினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த டிரைவர் உத்திராபதிக்கு இப்போது வக்கீல் நீங்கள்.

ஆர்த்தி எனக்கு யார்? ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம் அவளுடையது. பரணி அண்ணன் அவளை முதலில் பார்த்ததே நம் கல்யாணப் பந்தியில். அவள் தாலியை இழந்து பெரம்பலூரில் அப்பா வீட்டில் கிடக்கிறாள். நான் நாலு தெரு தள்ளி இருக்கிறேன். போய் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு முகமில்லை. அதைச் செய்தது நீங்கள்.

பயந்து ஓடி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆமாம், பயந்துதான் வந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். சார் எப்போது வருவார் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கேட்டைச் சாத்தப் போனேன். ஒருவன் திரும்பி, "பாப்பா பேரு என்னங்க?" என்றான். அவ்வளவுதான். மிரட்டவில்லை, கல் எறியவில்லை. நீங்கள் கூட, பேர்தானே கேட்டான் என்றீர்கள். நான் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏஞ்சல் நன்றாக இருக்கிறாள். கீழ்ப் பல் இரண்டு வெளியே வந்துவிட்டது.

சகாய பிரியா


அரியலூர்,
11 ஜனவரி 2025

பிரியாவுக்கு,

ஒரு மணி நேர பஸ் தூரம். உன் கடிதம் திருச்சிக்குப் போய், அங்கே பிரித்து, மறுபடி அரியலூருக்கு வந்திருக்கிறது. தபால்காரர்தான் சொன்னார். நீ போன வழியைவிட உன் கடிதம் வந்த வழி நீளம்.

அடித்துப் போட்ட 'அன்புள்ள'வை நான் எடுத்துக்கொண்டேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கூடத்தில் ஏஞ்சலின் தூளி தொங்குகிறது. கழற்ற மனசு வரவில்லை. சும்மா தொங்குவதைப் பார்க்கவும் முடியவில்லை. கேஸ் கட்டுகளை அதில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அழகேசன் வந்து, "என்ன சார், சிவில் கேசு தூங்குதா?" என்றார். அவர் சிரித்து நாளாகிவிட்டது, நானும் சிரித்தேன்.

கோபப்படாமல் கேள். வெற்றிச்செல்வியை உள்ளே கூப்பிட்டது நீ. செட்டிகுளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இடுப்பில் பிள்ளையோடு, எல்லா வக்கீல் வீட்டு வாசலிலும் நின்றுவிட்டுக் கடைசியாக நம் வாசலுக்கு வந்தாள். புருஷன் உத்திராபதி என்று சொன்னதும் நான் கதவைச் சாத்தப் பார்த்தேன். "பச்சப்புள்ளயோட நிக்குதுங்க, தண்ணியாவது குடிச்சிட்டுப் போகட்டும்" என்றது யார்? அவள் பிள்ளையை ஏஞ்சலின் தூளியில் போட்டு ஆட்டியது யார்? அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுரு தப்புப் பண்ணிருந்தா தண்டன குடுக்கட்டும் சார். அவுரு வாயால என்ன நடந்துச்சுன்னு கேக்கக்கூட ஆளு இல்லியா?" கை தூக்கியபோது பரணியின் முகம் மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. இன்னொருத்தன் இருப்பதே தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நம்மைப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எம்.ஏ. வரலாறு படித்த பெண்ணாயிற்றே, வக்கீலைப் பற்றி வரலாற்றில் நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல் பாஸ்டன் என்றாய். ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டு ஐந்து பேர் செத்தது, ஊர் கொதித்தது, சிப்பாய்களுக்காகப் பேச வக்கீல் கிடைக்காமல் அலைந்தது, கடைசியில் ஜான் ஆடம்ஸ் ஒத்துக்கொண்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள், அந்த ஆட்சியையே எதிர்த்தவர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, தன் ஊர்க்காரர்களின் ஏச்சு, அப்புறம் அதே ஆள் அமெரிக்காவுக்கு இரண்டாவது ஜனாதிபதி. சொல்லிவிட்டு, "பதவிக்கு வந்தப்புறம் காட்டுற தைரியம் பெரிசில்லைங்க" என்றாய். கீழே இறங்கி வந்ததும் எனக்குச் சம்மதம் என்று சொன்னேன். அப்பா காரணம் கேட்டார். பெண் நன்றாகப் பேசுகிறது என்றேன்.

அந்தக் கதையை எனக்குச் சொன்னது நீ.

ஜூட்


பெரம்பலூர்,
16 ஜனவரி 2025

ஏஞ்சலின் அப்பாவுக்கு,

நான் பரீட்சைக்குப் படித்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை கேட்கிறாரே என்று சொன்னேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாழுங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுப்பது வேறு, வக்காலத்து போடுவது வேறு. தாகம் எடுத்தால் யாருக்கும் தண்ணீர் கொடுப்பேன்.

வாஷிங்டனைப் பற்றியும் அன்றைக்குச் சொன்னேனே. அதை ஏன் மறந்துவிட்டீர்கள்? அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து, மொத்தப் படையும் கைக்குள் இருக்கும்போது, தலைமையை ஒப்படைத்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வீடு போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும். நம் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒருத்தரும் வரவில்லை. செய்த கேக்கை நானும் நீங்களும் பேசாமல் தின்றோம்.

பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, கரும்பு அதிகமாக வாங்கியிருந்தாள்.

ஏஞ்சலுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் போட்ட யாரைப் பார்த்தாலும் கையை நீட்டி "ப்பா" என்கிறாள். நேற்று தெருவில் வந்த எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருத்தரை விடவே மாட்டேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெலவெலத்துப் போய், "ஏம்மா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஆர்த்தியைப் பார்த்தேன். காய்கறிக் கடையில். அவள் அப்பா பையைப் பிடித்திருக்க, அவள் கத்திரிக்காயை எடுப்பதும் போடுவதுமாக நின்றாள். பரணி அண்ணனுக்குப் பிடித்தது அது. நான் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன். எம்.ஏ. படித்தவள், பிள்ளை பெற்றவள், மூட்டைக்குப் பின்னால். ஏஞ்சல் சும்மா இருப்பாளா, கத்தினாள். ஆர்த்தி திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைத்தான் பார்த்தாள். அப்புறம் கத்திரிக்காயை வாங்காமலே போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த டிரைவர் என்னதான் சொல்கிறான்? வேண்டுமென்று இடித்தானா, இல்லையா? அதையாவது எனக்குச் சொல்லுங்கள்.

பிரியா


அரியலூர்,
21 ஜனவரி 2025

பிரியாவுக்கு,

உன் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அவன் என்னிடம் சொன்னது அவனுடையது. கோர்ட்டில்தான் அது வெளியே வர வேண்டும். உன்னிடம் சொல்லாமல் நான் ஒளித்தது இதற்கு முன்னால் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். திருச்சி ஜெயிலில் அவனைப் பார்த்தேன். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் அடித்ததில் வலது மணிக்கட்டு இன்னும் கட்டுப் போட்டிருக்கிறது. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான். நான் கிளம்பும்போது, "சார், அந்த வக்கீல் அண்ணன் வூட்டுல யாரு யாரு இருக்காங்க?" என்று கேட்டான். சொன்னேன். கட்டுப் போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

இங்கே என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். யாரும் ஏசுவதில்லை. வராண்டாவில் நான் வந்தால் பேச்சு நிற்கிறது, தாண்டிப் போனதும் தொடர்கிறது. கேன்டீனில் பரணியும் நானும் உட்காரும் பெஞ்சில் இப்போது நான் மட்டும் உட்கார்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, பிரியா. அவர்கள் செத்தவனுக்காகத்தான் அப்படி இருக்கிறார்கள். நானும் அவனுக்காகத்தான் இப்படி இருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அழகேசன் போய்விட்டார். என்னிடம் இருந்தால் நாளைக்கு வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? போகும்போது தூளியில் இருந்த கட்டுகளையெல்லாம் எடுத்து வரிசையாக அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார். இப்போது தூளி மறுபடியும் காலி.

லாரி முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். திருச்சியில் அவர்களுக்கென்று ஒரு வக்கீல் இருக்கிறாராம். உத்திராபதியை அவரே பார்த்துக்கொள்வாராம். நான் விலகிக்கொண்டால் எனக்கும் நிம்மதி, குடும்பத்துக்கும் நிம்மதி என்றார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு கதவைத் தாழ் போட்டேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

வாஷிங்டன் கதை மறக்கவில்லை. அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் விளக்கு எரிந்திருக்கும். நான் வரும்போது நானேதான் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கிறது.

உன் தலையணையில் உன் தலைமுடி ஒன்று இருக்கிறது. உறையைத் துவைக்கவில்லை.

ஜூட்


பெரம்பலூர்,
27 ஜனவரி 2025

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

இந்த முறை 'அன்புள்ள'வை அடிக்கவில்லை. ஆனால் எழுதப் போவது அன்பாக இருக்காது.

ஏஞ்சலுக்கு வியாழனிலிருந்து காய்ச்சல். இப்போது விட்டுவிட்டது, பயப்படாதீர்கள். பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். காய்ச்சல் ஏறிய அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தேன். உங்களைக் கூப்பிட ஒரு நம்பர் கிடையாது. அழகேசனும் இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் அதை எப்படிச் சொல்லி அனுப்புவேன்? திருச்சி போய்ச் சுற்றி வருமா அந்தச் செய்தி?

ஆசிரியர் தேர்வுக்குப் படிக்க எடுத்த புத்தகத்தில் உங்கள் ஆடம்ஸ் வந்தார். இரண்டே வரி. துணிச்சலான வக்கீல், தலைமைப் பண்பு, ஐந்து மதிப்பெண். எனக்கு அது போதவில்லை. அம்மாவின் போனில் தேடிப் படித்தேன். அந்த மனுஷனுக்கு அபிகேல் என்று ஒரு மனைவி. துப்பாக்கிச் சூடு நடந்தது மார்ச்சில். பிப்ரவரியில் அவர்கள் ஒரு பெண் குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள். சூசன்னா. ஒரு வயது கழிந்து ஒரு மாதம். அந்தக் குழி ஆறுவதற்குள், வயிற்றில் இன்னொரு பிள்ளையோடு இருந்தவளின் புருஷன், ஊரே வெறுக்கிற வழக்கை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

இத்தனை நாளாக அந்தக் கதையை நான் வக்கீல் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் என்ன நினைத்துக்கொண்டு நின்றாள் என்று என் புத்தகத்தில் இல்லை. அவளிடம் கேட்டார்களா? நீங்கள் என்னிடம் கேட்டீர்களா? வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னீர்கள்.

அம்மா ஒரு யோசனை சொல்கிறாள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்றுக்கு ஆள் தேடுகிறார்களாம். ஜூன் வரை இங்கேயே இருந்து அங்கே போய் வரலாம் என்கிறாள். ஜூனுக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி, திங்கட்கிழமை, ஜாமீன் மனு வருகிறது என்று தெரியும். அதற்குள் விலகிவிடுங்கள். விலகினால் அன்றைக்கே வருகிறேன். இல்லையென்றால் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போடுகிறேன். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். உங்கள் பழைய பனியன் ஒன்று என் பையில் வந்துவிட்டது. காய்ச்சல் நேரத்தில் அதைச் சுற்றித்தான் அவளைத் தூங்க வைத்தேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

பிரியா


அரியலூர்,
5 பிப்ரவரி 2025

என் பிரியாவுக்கு,

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று பயந்து கேட்கவில்லை. அது தைரியமில்லை. இத்தனை கேஸ் நடத்தியும் இது எனக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரம்பலூர் வந்தேன். உனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறும்போது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். உங்கள் தெரு முனையில் மாவு மில் இருக்கிறதே, அதன் ஓரம் நின்றேன். சாயங்காலம், விளக்குப் போடும் நேரம். அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் கலர்ச் சட்டை போட்டிருந்தேன். ஏஞ்சல் என் பக்கம் பார்த்தாள். கையை நீட்டவில்லை. உள்ளே உன் குரல் கேட்டது, என்னவோ பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாய். விலகாமல் உள்ளே வந்தால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்? திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடிவு செய்துவிட்டேன். வக்காலத்தை மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கோர்ட்டில் கொடுத்துவிடுவேன். அந்தத் திருச்சி வக்கீல் அன்றே ஏற்றுக்கொள்கிறார். வெற்றிச்செல்வியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "உங்க வூட்டுலயும் புள்ள இருக்குல்ல சார்" என்று சொல்லிவிட்டுச் செட்டிகுளம் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவனுக்கு வக்கீல் இல்லாமல் போகவில்லை. அதுதானே அவள் கேட்டது. கிடைத்துவிட்டது. இனி அது என் பாரமில்லை என்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். காலி வீட்டில் குரல் எதிரொலிக்கிறது.

நான் ஜான் ஆடம்ஸ் இல்லை. அரியலூரில் வாடகை வீட்டில் இருக்கிற, உன்னையும் பாப்பாவையும் விட்டால் யாரும் இல்லாத ஒரு சின்ன வக்கீல். நீ சொன்ன வாஷிங்டன் கதையையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீயும் வந்துவிடு.

அரிசி தீர்ந்துவிட்டது, வாங்கி வைக்கிறேன். நீ எந்தக் கடையில் வாங்குவாய் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

உன் ஜூட்


பெரம்பலூர்,
8 பிப்ரவரி 2025

மாமா,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். பையை எடுத்து அவள் துணிகளை அடுக்கினேன். மாவு மில் ஓரம் நின்றீர்கள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பாத்திரம் இட்லித் தட்டு. கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். வெளியே நீங்கள் நின்றிருக்கிறீர்கள், நான் இட்லித் தட்டைத் தேடியிருக்கிறேன். முழுப் பக்கமும் நனைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்திலேயே ஆர்த்தி வீட்டுக்குப் போனேன். இனி அவள் முகத்தைப் பார்க்கலாம், அவர் விலகிவிட்டார் என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறும், எங்கள் பழைய சிநேகிதம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். நல்ல செய்தி கொண்டு போகிறவள் மாதிரிதான் படியேறினேன். இத்தனைக்கும் பரணி அண்ணன் அடக்கத்துக்குப் பிறகு நான் அவள் வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை.

அவள் கதவைத் திறந்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாப்பாவுக்கு மட்டும் வழி விட்டு நின்றாள். பாய் போட்டாள். நான் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அவர் விலகிட்டார் ஆர்த்தி, திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கிறார் என்று.

அவள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு, "அவருக்குப் பதிலா யாரு வரா?" என்றாள்.

லாரி முதலாளி ஏற்பாடு செய்த திருச்சி வக்கீல் என்றேன். அவள் முகம் மாறியது. நான் பயந்துபோனேன்.

"அது யாருன்னு தெரியுமாடி? எங்க வூட்டுக்காரரு போட்ட டிப்பர் கேசுல லாரிக்காரங்களுக்கு வந்து நின்ன வக்கீலு. தெனமும் சாயங்காலம் வந்து அந்தாள் பேரச் சொல்லித்தான் திட்டுவாரு. அந்தாளு கையில போனா அந்த டிரைவரு வாயத் தெறப்பானா? நாந்தான் செஞ்சேன், தூக்கக் கலக்கம்னு எதையாவது சொல்ல வெச்சு முடிச்சிருவாங்க. பிரேக்கு புடிக்கலியா, இல்ல எவனாவது சொல்லி அனுப்பி வந்தானான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாமப் போயிரும்."

அவள் பாப்பாவின் காலைப் பிடித்து மெதுவாக அழுத்தியபடியே பேசினாள். "ஜூட் அண்ணன் மேல எனக்குக் கோபம்தான். போகல. போகுமான்னும் தெரியல. கை தூக்கிட்டு இப்படிச் செஞ்சாரேன்னு நான் அழாத நாளில்ல. ஆனா அவரு இருந்தா அவன் கிட்ட கேப்பாரு. எங்க வூட்டுக்காரருக்காக வேணும்னாலும் விடாமக் கேப்பாரு. எனக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போறது பத்தாது பிரியா. ஏன் செத்தாருன்னு தெரியணும்."

அவளிடம் நான் வேறு எதுவும் சொல்லவில்லை. டிரைவர் உங்களிடம் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவுமில்லை. வக்கீல் பெண்டாட்டியாக இருந்தவள், கேட்கக் கூடாது என்று தெரியும். கிளம்பும்போது பாப்பாவை வாங்கி ஒரு தடவை தோளில் போட்டுக்கொண்டாள். என்னைத் தொடவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நான் உங்களுக்கு எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து, அடுக்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள், நான் வருகிறேன், பைக்கில் வந்தவர்கள் இனி வரமாட்டார்கள். எல்லாம் என் கையில் இருக்கிறது. எனக்கு வேண்டும் மாமா, அத்தனையும் வேண்டும். இந்த ஒன்றரை மாதத்தில் நான் உங்களைத் தவிர வேறு எதையும் கேட்டு ஜெபிக்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்.

பயத்தில் மட்டுமில்லை, நீங்கள் என்னைக் கேட்காமல் செய்ததற்காகவும்தான் நான் வந்தேன். இப்போது நீங்கள் கேட்காமலே நான் சொல்கிறேன், அந்த வழக்கை நடத்துங்கள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. இதை எழுதும்போதே வெளியே ஒரு பைக் நின்றது, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டுப் பையன். பயந்துகொண்டேதான் அங்கே இருப்பேன். நான் பயந்தால், பேர்தானே கேட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்து நீங்களும் பயப்படுங்கள். ராத்திரி கேட்டுக்குப் பூட்டுப் போடலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு போன் வேண்டும், புது நம்பர் ஒன்று வாங்குங்கள். கேஸில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். அதுவே எனக்குப் போதும்.

அம்மாவிடம் சொன்னேன். கைவேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஒனக்குப் பைத்தியமாடி புடிச்சிருக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏஞ்சலுக்கு வழியில் கொடுக்க எத்தனை இட்லி வைப்பது என்று கேட்டாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. தபாலில் போட்டால் இது திருச்சி போய்ச் சுற்றி உங்கள் கைக்கு வருவதற்குள் கோர்ட் முடிந்துவிடும். போனில் சொல்ல உங்களுக்கு நம்பர் இல்லை, இருந்தாலும் நான் அழுவேன், நீங்கள் வேண்டாம் வராதே என்பீர்கள், மறுபடியும் சண்டை. அதனால் நாளைக் காலை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன்.

கதவைத் திறந்ததும் பேச ஆரம்பிக்காதீர்கள். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி வரி வரை படித்து முடிக்கும் மட்டும் நான் வாசலிலேயே நிற்பேன். படித்த பிறகு உள்ளே வா என்று சொல்லுங்கள், வருகிறேன்.

சீக்கிரம் படியுங்கள் மாமா. பாப்பா கனக்கிறாள்.

பிரியா